எழுபதைத் தாண்டினால் வரும் நடுக்கம்

லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் காதுக்காரர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். ஒரு நிமிடம்தான். "மூணாவது சிலிண்டர்" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டராகத்தான் இருக்கும். முப்பத்தோரு வருடத்தில் அவர் வாய் பொய்த்தது மிகக் குறைவு. அந்தப் பெருமையை அவர் வெளியே காட்டிக்கொண்டதில்லை. ஆனால் வண்டிக்காரர் யாராவது தன் வாயால் பழுதைச் சொல்ல ஆரம்பித்தால் கையமர்த்திவிடுவார். "நீ பேசாத. வண்டி பேசட்டும்."

வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான்.

அவர் மனைவி துணி ஆலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். முதலில் தையல் மிஷினில் உட்கார்ந்தாள்; கடைசி ஒன்பது வருடம் நாற்பது மிஷின்கள் கொண்ட வரிசைக்கு மேற்பார்வை. அதனால் வீட்டில் அவளைச் சூப்பர்வைசரம்மா என்றே கூப்பிடுவார். அவள் அதற்குச் சளைத்தவள் இல்லை. "அந்த நாப்பது மிஷினும் நான் சொன்னா கேக்கும். இந்த ஒரு மிஷின் இருக்கே..." என்று அவரைக் காட்டி நிறுத்திக்கொள்வாள். பிள்ளைகள் இல்லை. அந்த வருத்தம் ஒரு காலத்தில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏற ஆறிப்போயிருந்தது.

பிள்ளைகளின் இடத்தில் என்று சொல்லக்கூடாது. ஆனாலும் அவர்களிடம், உள்ளேயே படுத்து, சமைத்துப் பயணம் போகிற ஒரு வீட்டு வண்டி இருந்தது. யாரோ ஒருவர் ஊர் சுற்றக் கிளம்பி, கியர்பாக்ஸ் உடைந்து, கயிறு கட்டி இழுத்துவந்து காதுக்காரரின் ரிப்பேர் ஷெட்டில் விட்டுப் போனது. பிறகு அந்த ஆள் அது வேண்டாமென்று இவரிடமே விட்டுவிட்டார். உள்ளே பின்சக்கரங்களுக்கு மேலே ஒரு கட்டில், இரண்டு பர்னர் அடுப்பு, கை கழுவத் தொட்டி, மடக்கு மேசை, ஒரு ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கிற குளியலறை. நான்கு வருடம் விடுமுறை நாட்களை எல்லாம் அதிலேயே போட்டார். அவள் ஜன்னல்களுக்குத் திரை தைத்தாள். அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஷெட்டை ஆறு மாதம் பூட்டிவிட்டுக் கிளம்புவது என்று பேச்சு.

ஓய்வுக்கு முன்பே முதுகுவலி வந்துவிட்டது.

"முதுகு வலிக்குதுங்க" என்று அவள் முதலில் சொன்னபோது அவர் ஷெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "இருபத்திரெண்டு வருஷம் மிஷின் மேல குனிஞ்சா முதுகு வலிக்காம, பல்லா வலிக்கும்?" என்றார். நல்ல நகைச்சுவைதான். அவளே சிரித்தாள். அடுத்த மாதம் சொன்னபோது மெத்தையை மாற்றச் சொன்னார். அதற்கடுத்த மாதம், "ஒண்ணுமில்ல, வாயு" என்றார். இப்படியே எட்டு மாதம். ஒரு நாள் காலை வாளியைத் தூக்கக் குனிந்தவளின் இடது கால் மடங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழ முடியவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். மார்பில் தொடங்கிய கட்டி, யாருக்கும் தெரியாமல் முதுகெலும்புக்குப் போய் அங்கே இரண்டு எலும்புகளை அரித்திருந்தது. பெரிய டாக்டர் படத்தை விளக்கில் மாட்டிவிட்டு, "எவ்வளவு நாளா வலி?" என்று கேட்டார்.  அவள் காதுக்காரரை ஒரு முறை பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "கொஞ்ச நாளா" என்றாள்.

ஆஸ்பத்திரி இருநூற்று அறுபது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும். அவளால் உட்கார முடியாது; மல்லாந்து படுத்தால் வலி ஓரளவு கட்டுப்படும். ஊர் சுற்றச் செய்து வைத்த வண்டி ஆஸ்பத்திரிக்குப் போக உதவியது. கட்டிலில் அவள் படுத்துக்கொள்வாள். முன்னால் அவர் ஓட்டுவார். இன்ஜின் இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது என்பதால், எட்டடி தூரத்திலிருந்து அவள் போன் செய்வாள். முதல் பயணத்தில் நாற்பதாவது கிலோமீட்டரில் போன் அடித்தது.

"என்னங்க, வண்டி நடுங்குது."

"எங்க நடுங்குது? இங்க ஒண்ணும் தெரியலயே. ஸ்டீரிங் கல்லு மாதிரி நிக்குது."

"எனக்குத் தெரியுது. ஊருக்குள்ள வரப்ப இல்ல. இப்ப வேகமாப் போறப்பதான்."

"ரோடு அப்படி. கொஞ்சம் பொறுத்துக்க."

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவள் முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. அப்போதும் அவளே சொன்னாள். "இது சக்கரம் ஆடற ஆட்டமில்லீங்க. மிஷின்ல மோட்டார கோணலா மாட்டிட்டா, பலகையெல்லாம் உர்ருன்னு ஒரு அதிர்வு வரும். சீரா, பொடிப்பொடியா. அது மாதிரி."

"தையல் மிஷினும் வண்டியும் ஒண்ணா?" என்றார் காதுக்காரர்.

அவர் சும்மா இருந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. அடுத்த மூன்று வாரத்துக்குள் ஆறு சக்கரங்களையும் கழற்றிப் பேலன்ஸ் பார்த்தார். இரண்டில் எடையைச் சமன்செய்யும் ஈயக்கட்டியை மாற்ற வேண்டியிருந்தது. அதுதான் காரணம் என்று முடிவு கட்டினார். இரண்டாம் பயணத்தில் நாற்பதாவது கிலோமீட்டரில் போன் அடித்தது. மூன்றாவது பயணத்துக்கு முன் முன்டயரைப் பின்னாலும் பின்டயரை முன்னாலும் மாற்றிப் போட்டார். நான்காவதுக்குப் பின்பக்கம் நான்கும் புது டயர். ஐந்தாவது முறை, முப்பது கிலோமீட்டர் சுற்றானாலும் பரவாயில்லை என்று புதிதாகப் போட்ட சாலையில் போனார். கண்ணாடி மாதிரி சாலை. போன் அடித்தது.

"இன்னும் இருக்குங்க."

"உனக்கு ஒடம்பு முடியல. அதனால சின்ன ஆட்டம்கூடப் பெருசாத் தெரியுது."

 வைத்துவிட்டாள்.

ஆறாவது பயணத்தில் போன் வரவில்லை. ஏழாவதிலும் இல்லை. காதுக்காரர் நிம்மதியானார். இன்ஜினைத் தாங்கும் ரப்பர்களை ஆறாவது பயணத்துக்கு முன்புதான் மாற்றியிருந்தார். ஷெட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில், "கடைசியில இன்ஜின் ரப்பர் பண்ண வேலைதான். பிடிச்சுட்டேன்ல" என்று சொல்லியும் விட்டார்.

எட்டாவது முறை மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது நர்ஸம்மா அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கையில் வலி மாத்திரையின் காலி அட்டைகள்.

"இருபத்தோரு நாளைக்குக் குடுத்தது, பதினெட்டு நாள்ல தீந்துருச்சுன்னா என்ன அர்த்தம்? வீட்ல யாரு மாத்திரை எடுத்துக் குடுக்கறது?"

"அவளே எடுத்துப்பா."

"கேட்டேன். வண்டியில வர்றப்ப ரெண்டு, போறப்ப ரெண்டு சேத்துப் போட்டுக்கறாங்களாம். அந்த நடுக்கம் தாங்கலயாம். உங்ககிட்ட சொல்லலையா?"

 வராந்தா முனையில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. அதைத் திறந்து, கை கழுவ எதுவும் இல்லாமலே வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார். அன்று வீடு திரும்ப ஏழு மணிநேரம் ஆனது. ஐம்பதுக்கு மேல் வண்டியை விடவில்லை.

மறுநாளே மச்சினனைக் கூப்பிட்டனுப்பினார். அவள் தம்பி, பஸ் டிரைவர். அக்காவைப் பக்கத்து வீட்டம்மாவிடம் விட்டுவிட்டு இருவரும் வண்டியை எடுத்தார்கள்.

"நீ ஓட்டு மாப்ள. நான் பின்னாடி படுத்துக்கறேன்."

"எதுக்கு மாமா?"

"ஓட்டேன்."

அந்தக் கட்டிலை அவர் கையாலேயே அடித்துச் செய்தார். ஒரு நாளும் அதில் படுத்துப் பார்த்ததில்லை. படுத்ததும் முதுகுக்குக் கீழே ஏதோ தடித்தது. வெளியே எடுத்தார். ஆலையிலிருந்து வந்த துண்டுத் துணிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நெருக்கமாகத் தையல் ஓட்டிய ஒரு திண்டு. நான்கு விரல் தடிமன். தலையணை என்று நினைத்திருந்தார். உட்கார முடியாதவள் அதை எப்போது தைத்தாள், எப்படித் தைத்தாள் என்று தெரியவில்லை. தையல் சில இடங்களில் கோணிக்கொண்டு போயிருந்தது. அவள் கைத் தையல் கோணி அவர் பார்த்ததே இல்லை.

திண்டை ஓரமாக வைத்துவிட்டு வெறும் மெத்தையில் முதுகை வைத்தார். வண்டி ஊரைத் தாண்டியது.

மச்சினன் போனில் வேகத்தைச் சொல்லிக்கொண்டே வந்தான். "அறுபது மாமா... அறுபத்தஞ்சு... அறுபத்தெட்டு..."

வந்துவிட்டது. முதலில் கட்டில் பலகையில் ஒரு கூச்சம் மாதிரி. எழுபத்திரண்டில் அது பலகையை விட்டு எலும்புக்குள் ஏறியது. அலைவது, குதிப்பது எதுவும் இல்லை. ஒரே சீராக, பொடிப்பொடியாக, உர்ரென்று. முதுகுத்தண்டு வழியாக ஏறிப் பல்லில் வந்து நின்றது. சக்கரத்தில் கோளாறு என்றால் இவ்வளவு வேகமாக அதிராது. சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் நாலு சுற்று சுற்றுகிற ஏதோ ஒன்று. அவள் சொன்னதைத் தவிர வேறு வார்த்தை அதற்கு இல்லை.

"எண்பது மாமா. எப்படி இருக்கு?"

"அப்படியே பிடி."

இருபது நிமிடம் படுத்திருந்தார். நோயில்லாத முதுகு, இரும்பு தூக்கிப் பழகிய முதுகு. இருபதாவது நிமிடம் எழுந்து உட்கார்ந்தால் போதும் என்று ஆகிவிட்டது. எழவில்லை.

"கியரை எடுத்து நியூட்ரல்ல விடு."

இன்ஜின் சத்தம் இறங்கியது. நடுக்கம் இறங்கவில்லை. அப்படியானால் இன்ஜின் இல்லை. ரப்பர் மாற்றியதெல்லாம் வீண். "பிரேக்கை லேசாத் தொடு." மாற்றமில்லை. தொண்ணூற்றைத் தாண்டியபோது நடுக்கம் மெலிந்தது. எண்பதுக்கு வந்ததும் திரும்பி வந்தது. முன்னால் டிரைவர் சீட்டில் இருந்த ஸ்பிரிங்கும் நுரையும் இன்ஜின் இரைச்சலும் எட்டு முறையும் அவரிடமிருந்து மறைத்ததை, இந்தக் கட்டில் அரைமணி நேரத்தில் சொல்லிவிட்டது. ஷாஃப்ட். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட இரும்புத் தண்டு.

ஷெட்டுக்கு வந்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். அந்த வண்டியின் ஷாஃப்ட் இரண்டு துண்டு. ஒன்றின் பற்களுக்குள் மற்றொன்றின் பற்கள் செருகி உட்காரும். எந்தப் பல்லுக்கு எந்தப் பல் என்று கணக்கு உண்டு. தப்பாக உட்கார்ந்துவிடக் கூடாதென்று செய்தவர்களே இரண்டு துண்டிலும் ஒவ்வொரு அம்புக்குறி வெட்டியிருப்பார்கள். இரண்டு அம்பும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். கிரீஸையும் மண்ணையும் துணியால் துடைத்தார். ஒரு அம்பு தெரிந்தது. இன்னொன்று ஒரு பல் தள்ளி இருந்தது.

"என்ன மாமா, பிடிபட்டுச்சா?" வெளியிலிருந்து மச்சினன் குனிந்து பார்த்தான்.

"ம்."

"யார் கைவச்ச வேலை இது?"

அந்த ஷாஃப்ட்டை ஒரே ஒருவர்தான் கழற்றியிருந்தார். அவளுக்கு நோய் தெரிய வருவதற்கு நாலைந்து மாதம் முன்னால், நடுவிலுள்ள பேரிங்கை மாற்றக் கழற்றி, மாட்டி, ஊருக்குள் ஐம்பதில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, பிரமாதம் என்று நிறுத்தி வைத்தார். அம்பைத் துடைத்துப் பார்க்கவில்லை. கைக்குப் பழகிய வேலை என்ற எண்ணம்.

"பழைய ஷாஃப்ட்டு. தேஞ்சு போச்சு" என்றார், வண்டிக்கு அடியிலிருந்தே.

சரிசெய்ய முக்கால் மணிநேரம் ஆனது.

ஒன்பதாவது பயணத்தில் எழுபதைத் தாண்டியதும் இடது கையில் போனை எடுத்து வைத்துக்கொண்டார். அடிக்கவில்லை. நூறாவது கிலோமீட்டரில் பயம் வந்துவிட்டது. மறுபடி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாளோ என்று. ஓரம் கட்டிவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தாள். திண்டு தரையில் கிடந்தது. காலடி கேட்டுக் கண் விழித்தவள், "வந்துட்டமா?" என்றாள்.

"இன்னும் இருக்கு. எப்படி இருக்கு வண்டி?"

"இப்பத்தான் வண்டியா ஓடுது. என்ன கோளாறு?"

"தேஞ்சு போச்சு. மாத்திட்டேன்" என்றார்.

அன்று மருந்து ஏற்றவில்லை. பெரிய டாக்டர் புதுப் படங்களைப் பார்த்துவிட்டு, காதுக்காரரை மட்டும் கூப்பிட்டுப் பேசினார். மருந்து கேட்கவில்லை. கல்லீரலுக்கும் போய்விட்டது. இனி இவ்வளவு தூரம் அலைக்க வேண்டாம். வலி தெரியாமல் பார்த்துக்கொள்ள எழுதித் தருகிறேன். அவர் நல்ல மனிதர். சொல்லி முடித்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். காதுக்காரருக்குக் கேட்க ஒரு கேள்விதான் இருந்தது.

"எட்டு மாசம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா?"

டாக்டர் பேனாவை மூடினார். "அதை இப்ப யாராலயும் சொல்ல முடியாது" என்றார். அப்படிச் சொன்னதிலேயே பதில் இருந்ததாகக் காதுக்காரர் எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில், பாதி தூரத்தில் வண்டியை ஒரு மர நிழலில் நிறுத்தினார். பின்னால் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். டாக்டர் சொன்னதை அவள் கேட்கவில்லை. ஊசி போடாமல் அனுப்பியதிலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அந்த ஷாஃப்ட்டு தேஞ்சு போகல" என்றார். "போன வருஷம் நான்தான் ஒரு பல்லு தள்ளி மாட்டிட்டேன்."

அவள் ஜன்னல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ம்."

"எட்டு தடவ. போக வர. உன்னை அதுல படுக்கப் போட்டு..."

"மோட்டார கோணலா மாட்டின மாதிரி இருக்குன்னு மொத நாளே சொன்னேன்ல?"

"சொன்ன."

"முதுகு வலின்னும் சொன்னேன்."

இத்தனை மாதத்தில் அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

"சொன்ன" என்றார்.

"டாக்டர் கேட்டப்ப, கொஞ்ச நாளான்னு சொன்னேனே. உங்களைக் காப்பாத்தறதுக்குன்னு நெனச்சுக்கிட்டீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்படித்தான் நினைத்திருந்தார்.

"அதுக்கில்ல. நான் சொல்லிச் சொல்லி எம்புருஷன் காதுல போட்டுக்கலன்னு, அந்த அறையில அத்தன பேர் முன்னாடி சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. அவ்வளவுதான்." சற்றுப் பொறுத்து, "வண்டிய எடுங்க. வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு நாற்பத்தொரு நாள் இருந்தாள். காதுக்காரர் ஷெட்டைப் பூட்டிவிட்டார். துடைத்துவிட்டார், புரட்டிப் படுக்கவைத்தார், மாத்திரை நேரத்தைச் சுவரில் எழுதி வைத்து ஒன்று தவறாமல் கொடுத்தார். அவள் அவரோடு பேசாமல் இல்லை. அடுப்பை அணைத்தாயிற்றா, பக்கத்து வீட்டுக்காரியின் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்றா, உங்கள் சட்டையில் பட்டன் போயிருக்கிறதே என்று எல்லாம் பேசினாள். அவர் காத்திருந்த ஒரு வார்த்தையை மட்டும் பேசவில்லை. பரவாயில்லை என்றோ, போனால் போகிறது என்றோ சொல்லிவிடுவாள் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தார். கேட்டு வாங்கிக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை. ஒரு மத்தியானம், தம்பி ஊட்டிய பாலில் இரண்டு வாய் குடித்துவிட்டு, போதும் என்று கையைக் காட்டினாள். அரைமணி நேரத்தில் மூச்சு நின்றது.

எல்லாம் முடிந்து, வந்தவர்களும் போன பிறகு, மச்சினன் மட்டும் ஒரு வாரம் தங்கினான். ஒரு நாள் மாலை இரண்டு பேரும் ஷெட்டில் கவிழ்த்துப்போட்ட டயர்கள் மேல் உட்கார்ந்திருந்தபோது, காதுக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். ஷாஃப்ட் விஷயம், எட்டு மாதம், டாக்டர் அறை, மர நிழல். திட்டட்டும் என்றுதான் சொன்னார்.

மச்சினன் திட்டவில்லை. கையிலிருந்த டீயைக் குடிக்காமல் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

"எனக்கும் போன் பண்ணுச்சு மாமா அக்கா. மூணு நாலு தடவ. முதுகு வலி தாங்கலடா, உங்க மாமாகிட்ட சொன்னா சிரிக்கறாரு, நீ வந்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியான்னு கேட்டுச்சு." டீயைக் கீழே வைத்தான். "லீவு கெடைக்கலன்னு சொன்னேன். ஒரு தைலம் வாங்கி நம்ம பஸ்ஸிலயே குடுத்தனுப்பினேன்."

காதுக்காரர் அந்தத் தைலத்தைப் பார்த்திருந்தார். பச்சை மூடி. ஏது இது என்று கேட்டதில்லை.

 இப்போதும் அவன் மாதம் ஒருமுறை வந்து போகிறான். வந்தால் இருவரும் பஸ், டயர், டீசல் பற்றித்தான் பேசுகிறார்கள்.

வீட்டு வண்டியை ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் அவர் மனைவியும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஷாஃப்ட்டை ஒருமுறை தப்பாக மாட்டிப் பிறகு சரிசெய்ததையும் காதுக்காரர் மறைக்காமல் சொன்னார். "சரியாயிடுச்சுல்ல, அப்புறம் எதுக்கு இதச் சொல்றீங்க?" என்று வாத்தியார் கேட்டார். காதுக்காரர் சாவியைக் கொடுத்தார்.

ஷெட்டை மூன்று மாதம் கழித்துத் திறந்தார். ஸ்க்ரூடிரைவரும் காதும் அப்படியேதான் இருக்கின்றன. பழுது சொல்வதும் தப்புவதில்லை. ஆனால் வருகிறவர்களை அவர் இப்போது விடுவதில்லை என்று ஒரு குறை. எப்போது வருகிறது, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் தெரிகிறது, கூட வந்த வீட்டுக்காரம்மா என்ன சொல்கிறார், எது மாதிரி இருக்கிறது, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவசரக்காரர்கள் சிலர் பொறுமையிழந்து வேறு ஷெட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள்.